கேளுங்க, சொல்றேன்: கொரோனா போச்சு, கடனும் கவலையும் போகல

பெருந்தொற்று காலத்துல உங்க வீட்டுலயும் பொழப்புலயும் என்ன நடந்துச்சுன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்து குவிஞ்சிருக்கு. எல்லாத்தையும் போட இடமில்ல, ஒரே கேள்விய நிறைய பேர் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க, அதையெல்லாம் சேர்த்துதான் பதில் எழுதியிருக்கேன். பேர் போடாதீங்கன்னு பாதி பேர் சொல்லிட்டீங்க, அதனால யார் பேரும் இல்ல.

கே: கொரோனால உலகம் முழுக்க 70 லட்சம் பேர் செத்தாங்கன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, ஒன்றரை கோடின்னு இன்னொரு பக்கம். எத நம்பறது?

ப: ரெண்டுமே பொய் இல்ல, எண்ணுற விதம்தான் வேற. 70 லட்சம்ங்கறது கோவிட் சாவுன்னு பதிவாகி ஒவ்வொரு நாட்டு அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பின கணக்கு. டெஸ்ட் எடுக்கவே வழியில்லாத இடத்துல வீட்டுலயே போனவங்க, பெட் தேடி அலைஞ்சு வண்டியிலயே போனவங்க, டயாலிசிஸ் நடக்காம போன கிட்னி பேஷண்ட், இவங்கள்ல பல பேர் அதுல வரல. அதனால சாதாரணமா ஒரு வருஷத்துல இத்தனை பேர் இறப்பாங்கன்னு ஒரு கோடு போட்டு, அதுக்கு மேல எத்தனை பேர் போனாங்கன்னு பார்ப்பாங்க, கூடுதல் மரணம்ங்கறது இதுதான். 2020, 2021 இந்த ரெண்டு வருஷத்துக்கு மட்டும் அந்த மதிப்பீடு 1 கோடியே 49 லட்சம், அதே ரெண்டு வருஷத்துல அரசாங்கங்கள் சொன்னது சுமார் 54 லட்சம். நடுவுல இருக்கற அந்த கிட்டத்தட்ட ஒரு கோடி பேரோட குடும்பத்துல பலருக்கு நிவாரணம்னு கேட்டு மனு போடக்கூட கையில ஒரு பேப்பர் இல்ல, அதான் இந்தக் கணக்கு சண்டை வெறும் புள்ளிவிவர சண்டை இல்லங்கறேன்.

இன்னொரு நம்பர் என்னை ரொம்ப உலுக்குச்சு. அமெரிக்க குடும்பங்களை வச்சு 2020ல வந்த ஒரு ஆய்வு, ஒரு கோவிட் சாவுக்கு சராசரியா 9 நெருங்கின சொந்தம் துக்கத்துல விழுதுன்னு சொன்னுச்சு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்க மட்டும்தான் அந்தக் கணக்குல. அத்தை, மாமா, உயிர் நண்பன் யாரும் சேர்த்தி இல்ல.

கே: வைரஸால செத்ததவிட லாக்டவுனால பட்டினி கிடந்ததுதான் ஜாஸ்தி. கடைய மூடாம விட்டிருந்தா பொழப்பாவது தப்பிச்சிருக்கும்ல? இத சொன்னா என்னை திட்றாங்க.

ப: நான் திட்ட மாட்டேன், ஏன்னா உங்க கோபத்துல பாதி நியாயம் இருக்கு. மீதி பாதிய மட்டும் பேசுவோம்.

அமெரிக்காவுல ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன்னு ரெண்டு பொருளாதார பேராசிரியர்கள் செல்போன் லொகேஷன் டேட்டாவ வச்சு ஒரு வேலை பண்ணாங்க. ரெண்டு ஏரியா பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஒண்ணுல மூடச்சொல்லி உத்தரவு, இன்னொண்ணுல உத்தரவு இல்ல. ரெண்டு பக்கமும் கடைக்கு வர்ற கூட்டம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மொத்தமா கூட்டம் 60 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, அந்த 60ல சட்டம் போட்டதால குறைஞ்சது 7 மட்டும்தான். மீதி ஜனங்களே பயந்து வீட்டுல உட்கார்ந்தது. அதாவது நீங்க கடைய திறந்து வச்சிருந்தாலும் உள்ள வர ஆள் இருந்திருக்காது, ஆனா கரண்ட் பில்லும் சம்பளமும் ஓடிக்கிட்டே இருந்திருக்கும்.

இது இந்த தடவை மட்டும் நடந்த கதை இல்ல. 1918 ஃப்ளூ வந்தப்போ அமெரிக்காவோட ஃபிலடெல்ஃபியா நகரத்துல செப்டம்பர் 28ஆம் தேதி போர்க் கடன் பத்திரம் விக்கறதுக்காக ஒரு ஊர்வலம் நடத்தினாங்க, சுமார் 2 லட்சம் பேர் திரண்டாங்க, நோய் பரவுதுன்னு தெரிஞ்சும் நிறுத்தல. சில நாள்லயே ஆஸ்பத்திரி நிரம்பிடுச்சு, அப்புறம் எல்லாத்தையும் மூடத்தான் வேண்டியதாச்சு. அதே நாட்டுல செயின்ட் லூயிஸ் நகரம் அக்டோபர் தொடக்கத்துலயே சுதாரிச்சு பள்ளிக்கூடம், தியேட்டர், சர்ச் எல்லாத்தையும் மூடிடுச்சு, அங்க சாவு வேகம் ரொம்ப கம்மி. முன்னாடியே மூடின நகரங்களோட பொருளாதாரம் அதனால மத்த நகரங்களவிட மோசமாப் போகலன்னுதான் பின்னாடி பண்ணின ஆய்வு சொல்லுது.

இப்ப உங்க பக்கத்து நியாயத்துக்கு வர்றேன். உலகத்துல சுமார் 200 கோடி பேர் முறைசாரா வேலைல இருக்காங்க, வேலைக்குப் போறவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல இவங்கதான். லீவு கிடையாது, பிஎஃப் கிடையாது, இன்னிக்கு வேலை இருந்தா இன்னிக்கு காசு. இவங்ககிட்ட போய் வீட்டுக்குள்ள இருங்கன்னு சொல்லிட்டு கையில எதுவும் குடுக்காம விட்டது கொடுமை, அதுக்கு எந்த விஞ்ஞானமும் துணைக்கு வராது. மூடறதுன்னா காசு குடுத்துட்டு மூடணும். அதெல்லாம் பணக்கார நாடுங்களுக்குத்தான் முடியும்னு சொல்வாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற டோகோ சின்ன நாடு, ஏழை நாடு, 2020 ஏப்ரல்லயே வாக்காளர் பட்டியல்ல இருந்து முறைசாரா தொழில் பண்றவங்கள பிரிச்சு எடுத்து செல்போன் வழியா பணம் அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு, பெண்களுக்கு ஆண்களைவிட கொஞ்சம் கூடவே குடுத்தாங்க. மனசு இருந்தா நடக்கும்.

பள்ளிக்கூட விஷயத்துல நான் முழுசா உங்க கட்சி. உச்சத்துல 150 கோடிக்கும் மேல பிள்ளைங்க பள்ளிக்கு வெளிய இருந்தாங்க. முதல் சில மாசம் சரி, ஒண்ணும் தெரியாத நேரம். ஆனா மாலும் பாரும் திறந்த பிறகும் பல இடத்துல பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்துச்சு பாருங்க, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒழுங்கா காரணம் சொல்லல.

கே: நான் மூடினது மூணு மாசம்தான். வருஷக்கணக்கா ஆகியும் எழுந்திரிக்க முடியல. எனக்கு வியாபாரம் பண்ணத் தெரியலையா?

ப: உங்க கடிதத்துல இருந்த கணக்க ரெண்டு தடவ படிச்சேன். உங்களுக்கு வியாபாரம் நல்லாவே தெரியும், அதுல சந்தேகமே வேணாம்.

சின்ன தொழில் எவ்வளவு மெல்லிசான நூல்ல தொங்குதுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியறதில்ல. கொரோனாவுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2016ல, அமெரிக்காவுல லட்சக்கணக்கான சின்ன நிறுவனங்களோட பேங்க் அக்கவுண்ட்ட பார்த்தாங்க. வரவே இல்லாம செலவு மட்டும் ஓடினா எத்தனை நாள் தாங்கும்? எல்லாத்தையும் வரிசைல நிறுத்தினா நடுவுல இருக்கற நிறுவனத்துக்கு 27 நாள். சாப்பாட்டுக் கடைன்னா 16 நாள். உலகத்துலயே பெரிய பணக்கார நாட்டோட கதை இது. உங்களுக்கு மூணு மாசம் மூடல்.

அதோட நிக்கல. மூடறதுக்கு முன்னாடி கடன்ல எடுத்த சரக்கு உள்ளயே கிடந்து வீணாச்சு, அதுக்கு உரிய பணத்த சப்ளையர் கேட்டார், அவர் அப்புறம் கடனுக்கு சரக்கு தர மாட்டேன்னுட்டார், கைல காசு குடுத்து எடுக்க உங்களால முடியல, சரக்கு கம்மியா இருக்கறதப் பார்த்து வந்த கஸ்டமரும் ஆன்லைன் பக்கம் போயிட்டார். ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டுப் போச்சு.

பேங்க் கடன் தவணைய ஆறு மாசம் தள்ளி வச்சாங்க, அப்புறமும் கடன் ஏறிடுச்சு எப்படின்னு கேட்டிருந்தீங்க. இது உங்களுக்கு மட்டுமில்ல, பல பேருக்கு இதுல ஏமாந்த உணர்ச்சி இருக்கு, அதனால நிதானமா பார்ப்போம். ஒரு லட்சம் பாக்கி, மாசம் 1 சதவீத வட்டி, இன்னும் 60 தவணை கட்டணும்னு வச்சுக்கோங்க, தவணை சுமார் 2,224 வரும். ஆறு மாசம் கட்ட வேணாம்னு சொன்னாங்களே தவிர வட்டி ஓட வேணாம்னு சொல்லல. அந்த வட்டி அசல்ல சேர்ந்து ஆறாவது மாசக் கடைசில பாக்கி 1,06,152 ஆயிடும். அதே 2,224 தவணையே தொடர்ந்தா இப்ப 60 இல்ல, 65 தவணை கட்டி அதுக்கு மேலயும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். தள்ளி வச்சது சலுகை மாதிரி தெரிஞ்சுது, உண்மையில அது இன்னொரு கடன். பேங்க்ல போய் திருப்பிச் செலுத்தும் அட்டவணைய பழசு, புதுசு ரெண்டையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. தள்ளி வச்ச காலத்துக்கு அபராதமோ வட்டி மேல வேற ஏதாவதோ ஏத்தியிருந்தா அதுல தெரிஞ்சிடும், அத வச்சு பேசலாம். வெளிய தனியார்கிட்ட வாங்கினது இருந்தா அத முதல்ல அடைக்கப் பாருங்க, பேங்க் கடன் எவ்வளவு மோசமா இருந்தாலும் அதவிட பரவாயில்ல.

கே: வைரஸுக்கு பணக்காரன் ஏழைன்னு தெரியாதுன்னு சொன்னாங்களே?

ப: வைரஸுக்குத் தெரியாது, ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்கற வீட்டுக்குத் தெரியும். லேப்டாப்ல வேலை பார்க்கறவர் வீட்டுல இருந்தார், அவருக்கு பார்சல் கொண்டு வந்து குடுத்தவர் ரோட்டுல இருந்தார். 2020ல மட்டும் சுமார் 7 கோடி பேர் கொடிய வறுமைக்குள்ள விழுந்தாங்கன்னு உலக வங்கி சொல்லுது.

கே: என் அம்மா ஐசியூல தனியா இறந்தாங்க. முகத்தக்கூட காட்டல, ஒரு பையில வச்சு கொண்டு போயிட்டாங்க. இத்தனை வருஷம் கழிச்சும் நான் அழுதா வீட்டுல "இன்னுமா"ன்னு கேக்கறாங்க. எனக்கு ஏதாவது கோளாறா?

ப: கோளாறு இல்லம்மா. உங்கள வழியனுப்பவே விடலையே, அப்புறம் துக்கம் எப்படி முடியும்? இன்னுமான்னு கேக்கறவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கும் அத நெனச்சா பயமா இருக்கும், அதான் பேச்ச மாத்தறாங்க.

உடம்ப அப்படி அவசரமா எடுத்துட்டுப் போனது மட்டும்தான் வழின்னு இல்ல. 2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா நோய் வந்தப்போ, அதுல இறந்தவங்க உடம்பு கொரோனாவவிட பல மடங்கு ஆபத்து, தொட்டாலே ஒட்டிக்கும், முதல்ல அங்கயும் குடும்பத்த ஒதுக்கிட்டு எடுத்துட்டுப் போனாங்க. ஜனங்க சடலத்த ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க, நோய் இன்னும் பரவிச்சு. அப்புறம்தான் உலக சுகாதார நிறுவனம் விதிய மாத்தி எழுதிச்சு, குடும்பத்துகிட்ட முதல்ல பேசணும், தள்ளி நின்னாவது பார்க்க விடணும், பிரார்த்தனைக்கு நேரம் குடுக்கணும், கண்ணியமா அடக்கம் பண்ணணும்னு. இந்தப் பாடம் 2014லயே கைல இருந்துச்சு. 2020ல நிறைய இடத்துல அத யாரும் எடுத்துப் பார்க்கல. எனக்கு இதுல இன்னும் ஆத்திரம் அடங்கல.

நீங்க என்ன செய்யலாம்? அன்னிக்கு நடக்காதத இப்ப நடத்துங்க. வருஷம் ஆயிடுச்சேன்னு கூச்சப்படாதீங்க. ஒரு நாள் குறிச்சு அம்மாவோட சிநேகிதிங்க, சொந்தக்காரங்கள கூப்பிட்டு உட்கார வச்சு, அம்மாவப் பத்தி ஒவ்வொருத்தரும் பேசட்டும், நீங்க மனசு விட்டு அழுங்க. இப்படி பண்ணின சில வாசகிங்க எழுதியிருக்காங்க, அதுக்கப்புறம் தூக்கம் வந்துச்சுன்னு. ஆனா ஒரு விஷயம். தினமும் ஏங்கற அளவுக்கு இருக்கு, வேலை ஓடல, யாரையும் பார்க்கப் பிடிக்கல, வாழறதுல அர்த்தமில்லன்னு தோணுதுன்னா, நீடிச்ச துக்கம்னு மருத்துவ உலகம் இத இப்ப ஒரு தனி நிலையாவே ஏத்துக்கிட்டிருக்கு, அதுக்குன்னு டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசற மாதிரியான சிகிச்சை இருக்கு, பலன் தருது. மனநல டாக்டர பாருங்க. தனியா போக தயக்கமா இருந்தா அந்த "இன்னுமா" கேட்டவரையே துணைக்கு கூட்டிட்டுப் போங்க.

கே: 2020ல டிகிரி முடிச்சேன். கொரோனா பேட்ச்சான்னு இன்டர்வியூல சிரிக்கறாங்க. இப்ப ஒரு சின்ன வேலைல குறைஞ்ச சம்பளத்துல இருக்கேன். வாழ்க்கை முழுக்க இப்படித்தானா?

ப: சிரிக்கறவங்கள விடுங்க. 2020ல உலக அளவுல இளைஞர்கள் வேலை 8.7 சதவீதம் குறைஞ்சுது, பெரியவங்களுக்கு 3.7 தான், அதனால அடி உங்க மேலதான் ஜாஸ்தி விழுந்துச்சு. மந்தமான காலத்துல வேலைக்கு வந்தவங்களுக்கு சம்பளம் பின்தங்குதுன்னு பழைய மந்தங்கள வச்சு நிறைய ஆய்வு இருக்கு. கனடாவுல பண்ணின ஒண்ணுல அந்த இடைவெளி மறைய சுமார் பத்து வருஷம் ஆச்சு. பயமுறுத்தறதுக்கு சொல்லல, அதுலயே நல்ல சேதியும் இருக்கு. சீக்கிரம் மீண்டவங்க எப்படி மீண்டாங்கன்னு பார்த்தா, கிடைச்ச சின்ன கம்பெனிலயே விசுவாசமா உட்காராம, சந்தை கொஞ்சம் தேறினதும் நல்ல கம்பெனிக்கு மாறினாங்க. பெரியவங்க "நின்னு நிலைச்சு இரு"ன்னு சொல்வாங்க. உங்க விஷயத்துல அந்த அட்வைஸ் சரி வராது. மாறுங்க.

கே: நான் வெளிநாட்டுல வேலை பார்க்கறேன். கொரோனா வருஷத்துல பாதி சம்பளம்தான் வந்துச்சு, வீட்டுக்கு அனுப்பறத மட்டும் குறைக்கல. இப்ப கையில ஒண்ணுமில்ல, வீட்டுல நம்ப மாட்டேங்கறாங்க.

ப: உங்கள மாதிரி ஆளுங்களால உலக வங்கியோட ஜோசியமே பொய்யாப் போச்சு தெரியுமா? 2020 ஏப்ரல்ல, வெளிநாட்டுல இருக்கறவங்க அனுப்பற பணம் 20 சதவீதம் விழும்னு சொன்னாங்க. வருஷக் கடைசில பார்த்தா ஏழை, நடுத்தர நாடுகளுக்குப் போன தொகை 54,000 கோடி டாலர், குறைஞ்சது வெறும் 1.6 சதவீதம். விமானம் நின்னதால கையில குடுத்து விடற பணமும் பேங்க் வழியா வந்து கணக்குல சேர்ந்துச்சு, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீங்கதான், சேமிப்ப உடைச்சு, ரூம்மேட்கிட்ட கடன் வாங்கி அனுப்பினது. பாராட்டி எழுதினாங்க அத. யார் வயித்துல இருந்து வந்துச்சுன்னு எழுதல. சம்பள ஸ்லிப்பையும் அனுப்பின ரசீதையும் மாசவாரியா ஒரே பேப்பர்ல எழுதி வீட்டுக்கு அனுப்புங்க. வாயால சொன்னா சண்டை ஆயிடும்.

கே: பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ்னு வேலைய விட்டேன். இப்ப மறுபடி போறேன்னா வீட்டுக்காரர் "இப்ப நல்லாத்தானே போயிட்டு இருக்கு"ன்னு சொல்றார்.

ப: அவருக்கு நல்லாத்தான் போகும். 2020ல பெண்கள் வேலை 5 சதவீதம் போச்சு, ஆண்களுக்கு 3.9. வேலை போன ஆண் அடுத்த வேலை தேடினார், பெண்கள்ல நிறைய பேர் தேடறதையே நிறுத்திட்டாங்க, ஏன்னா வீட்டுல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மெஸ் மூணும் அவங்க தலைல ஏறிடுச்சு. தற்காலிகம்னு சொல்லி ஏத்தினது, இறக்கி வைக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரல. அவர் அனுமதி தரணும்ங்கற மாதிரி பேச்ச ஆரம்பிக்காதீங்க. எந்த வேலைய யார் பார்க்கறதுன்னு பிரிக்கறதுல ஆரம்பிங்க.

கே: கோவிட் வந்து போனதுல இருந்து ரெண்டு மாடி ஏறினா அடுத்த நாள் படுக்கைதான். டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆபீஸ்ல நடிப்புன்னு சொல்றாங்க.

ப: நடிப்பு இல்ல. தொற்று வந்து மூணு மாசத்துக்கு அப்புறம், குறைஞ்சது ரெண்டு மாசம் நீடிச்சு, வேற நோயால விளக்க முடியாத தொந்தரவுன்னா அத லாங் கோவிட்னு சொல்லலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்லயே வரையறுத்திருக்கு. உழைச்ச அடுத்த நாள் விழறது அதுல ரொம்ப தெரிஞ்ச அறிகுறி. தைராய்டு, ரத்த சோகை, இதயம் இதெல்லாம் டாக்டர் சரின்னு சொன்ன பிறகும் இப்படின்னா, உடற்பயிற்சி பண்ணு சரியாப் போயிடும்னு சொல்றவங்க பேச்ச கேட்டு உடம்ப விரட்டாதீங்க, நல்லா இருக்கற நாள்லயும் முடிஞ்சதுல பாதிதான் செய்யணும். ஆபீஸுக்கு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுங்க, எந்த வேலை முடியும், எது முடியாதுன்னு தெளிவா.

கே: நான் நர்ஸ். கை தட்டினாங்க, விளக்கு பிடிச்சாங்க. தற்காலிக வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க.

ப: 2020 ஜனவரில இருந்து 2021 மே வரைக்கும் உலகத்துல சுமார் 1,15,000 மருத்துவப் பணியாளர்கள் கோவிட்ல இறந்திருக்கலாம்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுத்துட்டு அப்புறம் ஒப்பந்தத்த காட்டறது அசிங்கம். பணி அனுபவ சான்றிதழ்ல "கோவிட் பணி"ன்னு நாளோட எழுதி வாங்கினீங்களா? இல்லன்னா இப்பவாவது கேளுங்க, நிரந்தர வேலைக்கு மனு போடறப்போ அந்த அனுபவத்துக்கு மதிப்பு கேக்க அதுதான் ஆதாரம்.

கே: வீட்டுல மாஸ்க் இன்னும் பெட்டி பெட்டியா கிடக்கு. என்ன பண்ண?

ப: பெட்டில தேதி பாருங்க. தேதி தாண்டியிருந்தா, இல்ல காதுல மாட்டற எலாஸ்டிக் இழுத்தா அறுந்தா, தூக்கிப் போடுங்க. நல்லா இருக்கறத வச்சுக்கோங்க, பெயிண்ட் அடிக்கறப்போ மட்டும் போடாதீங்க, அந்த நெடிய இது தடுக்காது.